சிவப்பு அம்பு

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டதும் என் வாயால்தான். மேனேஜர் என்னவோ மரியாதையாகத்தான் பேசினார். முழங்கால் ஆபரேஷன் முடிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, இனி நாள் முழுக்க நிற்கிற வேலை வேண்டாம், பின்கட்டில் பட்டன் அறையில் உட்கார்ந்துகொண்டு பட்டன் எண்ணலாம் என்றார். என் நலத்துக்குச் சொல்கிறாராம்.

நான் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசைக்காரி. பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே டியூப் லைட். தைத்து வரும் சட்டையை விரித்துப் போட்டுப் பார்ப்பேன். காலரில், கையில், காஜாவில் எங்கே குறை இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். சரிபண்ணி வந்த பிறகு ஸ்டிக்கரை எடுப்பதும் நான்தான், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. தையல்காரர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். அந்த மேசை போனால் பூதக்கண்ணாடியும் போச்சு, அப்புறம் நான் வெறும் பட்டன் எண்ணுகிற கிழவி.

அதனால் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

"நிக்க முடியாதுன்னு யார் சார் சொன்னது? அஞ்சு கிலோமீட்டர் நடந்தே காட்டறேன்."

அஞ்சு என்று ஏன் சொன்னேன் என்றால், அன்று காலை பஸ் நிறுத்தத்தில் ஒரு அறிவிப்பைப் பார்த்திருந்தேன். பெரிய பூங்காவில் சனிக்கிழமைதோறும் ஐந்து கிலோமீட்டர், இலவசம், ஓடுகிறவர்கள் ஓடலாம், நடக்கிறவர்கள் நடக்கலாம், முடித்த நேரத்தைப் பேப்பரில் அச்சடித்துத் தருவார்கள். மேனேஜருக்கும் அது தெரிந்திருந்தது. லேசாகச் சிரித்துக்கொண்டு, "ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சுப் பேப்பர்ல கொண்டுவாங்க அக்கா. மேசை உங்களுக்குத்தான்" என்றார்.

ஆறு வாரம் நடந்து பழகினேன். மாடிப்படி, மொட்டை மாடி, தெருமுனை என்று கால் போன இடமெல்லாம் நடை. என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். உலகத்தில் எது உடைந்தாலும் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டால் போதும் என்று வாழ்கிறவர். என் முழங்காலையும் அதே கண்ணோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் பூங்காவில் நூறு பேர் இருப்பார்கள். நடக்க வந்தது நானும், முதுகுப் பிடிப்புள்ள ஒருவரும் மட்டும்தான். மற்ற எல்லாரும் ஓடுகிறவர்கள். குளத்தைச் சுற்றி இரண்டு சுற்று. முடிக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கம்பம் நட்டுக் கயிறு கட்டி ஒரு சந்து. அதற்குள் வருகிறவர்களுக்கு, முடித்ததற்கு அடையாளமாக, எண் போட்ட டோக்கன் ஒன்று தருவார்கள். ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவர் ஒரு பல் டாக்டர். எல்லாருக்கும் பின்னால் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட தபால்காரர் ஒருவர். வாரமெல்லாம் நடந்தது போதாதென்று லீவு நாளிலும் நடக்க வந்த மனிதர்.

"இங்க யாரும் கடைசியா வர முடியாதும்மா. அந்த இடத்தை நான் எப்பவோ பிடிச்சு வச்சுட்டேன்" என்றார் என்னிடம்.

அங்கே அதுதான் வழக்கமாம். யார் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அவருக்கும் பின்னால் இந்த ஆரஞ்சு சட்டை வரும்.

முதல் சுற்று நன்றாகவே போயிற்று. முதுகுப் பிடிப்புக்காரரைக்கூட முந்திவிட்டேன், தபால்காரர் அவரோடு பின்தங்கினார். ஆனால் நான் முதல் சுற்றை முடிக்கிற அதே நேரத்தில், ஓடுகிறவர்கள் இரண்டாவதை முடித்துக்கொண்டு புஸ்புஸ்ஸென்று வந்து சேர்ந்தார்கள். பாதை அங்கேதான் பிரிகிறது. இடது பக்கம் அடுத்த சுற்று, வலது பக்கம் கயிற்றுச் சந்து. நின்றுகொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, ரைட்டில் வாங்க, ரைட்டில் வாங்க என்று கைதட்டினாள். முன்னால் ஒருவர் முதுகு, பின்னால் ஒருவர் மூச்சு. சுதாரிப்பதற்குள் சந்துக்குள் இருந்தேன், கையில் டோக்கன் இருந்தது.

வீட்டுக்காரர் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடி வந்தார். இருபத்தெட்டு நிமிடம் என்றார், அவரே ஓடி ஜெயித்த மாதிரி. இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கிறது என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாருக்குத் தெரியும்? வீடு தேடி வந்த சீதேவியை எட்டி உதைக்காதே."

பொய் சொல்ல மாட்டேன், நானும் ஆசைப்பட்டேன். டோக்கனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. பேப்பரை நீட்டினால் மேனேஜர் வாயடைத்துப்போவார். ஆனால் ஒரு பக்கம் கை தைக்காமல் விட்ட சட்டை என் மேசைக்கு வந்தால் விடுவேனா? அதைத் தைத்தவனுடைய பரம்பரையையே இழுத்திருப்பேன்.

பல் டாக்டரிடம் போய் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பதறிப்போனார். தப்பு தங்களுடையதுதான், மன்னிக்க வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். ஏனென்றால் முதுகுப் பிடிப்புக்காரர் ஒரு சுற்றோடு போதும் என்று நிறுத்திவிட்டார். நான் முடித்துவிட்டதாக யாரோ சொல்ல, தபால்காரரும் அவரோடு வந்துவிட்டார். ஆரஞ்சு சட்டை உள்ளே வந்தால் பாதை மூடியாயிற்று என்று கணக்காம். குளத்தோரம் வழிகாட்ட வைத்திருந்த கூம்புகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நான் தபால்காரரைப் பார்த்துக் கேட்டேன்.

"நீங்கதானே கடைசியா வரணும்? நான் இன்னும் முடிக்காதப்ப நீங்க எப்படி முடிச்சீங்க?"

தபால்காரர் கழற்றின மேல்சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவங்க கேக்கறது சரிதான் டாக்டர். வாட்சை நிறுத்திடாதீங்க" என்றார்.

கிளம்பும்போது முப்பத்து நாலு நிமிடம் ஆகியிருந்தது.

அந்த இரண்டாவது சுற்றை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கால் ஆறிப்போய் மரக்கட்டையாகிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் ஆணி இறங்கியது. வழிகாட்டக் கூம்பு இல்லை, கைதட்ட ஆள் இல்லை. பின்னால் தபால்காரரின் செருப்புச் சத்தம் மட்டும். குளத்தின் மறுகரையில் ஒரு பெஞ்சு இருந்தது. அதை நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். முடியவில்லை என்றால் சொல்லுங்கள் என்றார்.

"முடியலன்னா சொல்ல மாட்டேன். விழுவேன். அப்பத் தெரிஞ்சுக்குங்க."

அதன்பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை, புண்ணியவான்.

திரும்பி வந்தபோது கம்பங்களைப் பிடுங்கி வண்டியில் ஏற்றியிருந்தார்கள். ஆனால் சந்து அப்படியே இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு வரிசையாக நின்று கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் ஒரு முனையைப் பிடித்திருந்தார். நான் முதலில் கோட்டைத் தாண்டினேன், தபால்காரர் எனக்குப் பின்னால் தாண்டினார்.

ஒரு மணி மூன்று நிமிடம்.

நின்று பேசிய ஆறு நிமிடத்தைக் கழித்து ஐம்பத்தேழு என்று போட்டுவிடலாம், தாமதம் எங்களால்தானே என்றார் பல் டாக்டர். வீட்டுக்காரர் கும்பிடாத குறையாகத் தலையாட்டினார். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறு நிமிடமும் என் கால் ஓய்வெடுத்ததே.

"வாட்ச் நின்னுச்சா சார்?"

இல்லை என்றார்.

"அப்ப ஓடினதை அப்படியே போடுங்க."

பிழைக்கத் தெரியாதவள் என்று வீட்டுக்காரர் வழியெல்லாம் முணுமுணுத்தார். நான் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். நோவுக்காகவா, மூன்று நிமிடத்துக்காகவா என்று கேட்டால் மூன்று நிமிடத்துக்காகத்தான். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்துக் காலுக்கு ஒத்தடம் கொடுத்தார் மனிதர்.

திங்கட்கிழமை பேப்பரை மேனேஜர் முன்னால் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்தார். 1:03 என்று அச்சாகியிருந்த இடத்தை நோக்கி ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. யார் ஒட்டியது என்று கேட்டார்.

"நான்தான் சார். மூணு நிமிஷம் கூட. சனிக்கிழமை சரிபண்ணிக் கொண்டு வர்றேன்."

அவர் பேப்பரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்தது என்ன என்று கேட்டார், சொன்னேன். கேட்டுவிட்டு நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பப் போனார்.

"அதுல கை வைக்காதீங்க சார். சரிபண்ணாம எடுக்கறதில்ல."

விரலை எடுத்துக்கொண்டார்.

"பட்டன் ரூமுக்கு வேற ஆள் பாக்கறேன். நீங்க மேசைக்குப் போங்க அக்கா."

"சனிக்கிழமை வரைக்கும்" என்றேன் நான்.

பேப்பரை டியூப் லைட்டுக்குக் கீழே சுவரில் குத்திவைத்துவிட்டு நின்றேன். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். முதல் சட்டையிலேயே காலர் ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்தது. ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினேன். சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.