வால் கத்தரித்த நூறு மீன்கள்

கடல்வாழ் உயிரினங்களைக் காப்பாற்றுவது என்று நான் முடிவெடுத்தபோது கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். கல்லூரிச் சுற்றுலாவில், நாற்பது நிமிடம். அதில் இருபத்தைந்து நிமிடம் காணாமல்போன ஒரு மாணவனைத் தேடுவதில் போயிற்று. தேடப்பட்டவன் நான்தான். பாறைக்குப் பின்னால் ஒரு நண்டோடு இருந்தேன்.

மற்றபடி என்னுடைய கடல் கல்வி முழுவதும் வேலூரில், ஃபார்மலின் பாட்டில்களுக்குள் நடந்தது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு சுறா இருந்தது. வருஷா வருஷம் மாணவர்கள் ஆளுக்கொரு பாகமாக அறுத்துப் படித்ததில், நான் எம்.எஸ்ஸி. சேர்ந்தபோது அதன் பெயர்ச்சீட்டு மட்டும் முழுசாக இருந்தது. அதை வைத்துத்தான் முதல் வகுப்பு வாங்கினேன்.

1983 ஏப்ரலில் கடற்கரையோர ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் நேர்முகத் தேர்வு. கடலாமைகளைப் பற்றிய திட்டம். ஆய்வு உதவியாளர் ஒருவர் தேவை. முடிந்தால் டாக்டர் பட்டத்துக்கும் பதிந்துகொள்ளலாம். வந்தவர்கள் பதினேழு பேர். பேராசிரியர் கோபால்சாமி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பதினைந்து பேரை ஊருக்கு அனுப்பிவிட்டு, வசந்தி என்ற நாகப்பட்டினத்துப் பெண்ணையும் என்னையும் நிறுத்திவைத்தார்.

"ரெண்டு பேரும் நல்லா படிச்சிருக்கீங்க. எண்ணத் தெரியுமான்னுதான் தெரியல," என்றார்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நீர்நிலை எதிலாவது மீன் பிடித்து, அடையாளம் வைத்து, திரும்ப விட்டு, மறுபடி பிடித்துப் பார்த்து, மொத்தம் எத்தனை மீன் இருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். ஜூன் முப்பதுக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். யாருடைய எண்ணிக்கை நம்பும்படி இருக்கிறதோ அவருக்கு இடம்.

வசந்தி வீட்டுக் கொல்லைக்கு அந்தப் பக்கம் கழிமுகம். கணியம்பாடியில் எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கமும் ஓர் ஏரி உண்டு. ஏப்ரலில் அதன் நடுவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்குத் தையல் கடை. "கடல்ல இன்னாடா கீது உனக்கு? பேங்க் பரீட்சை எழுதுனா வூட்டுலேந்தே சைக்கிள்ல போய்ட்டு வரலாம்," என்றார். மூன்று வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நான் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தேன். இந்த இடம் கிடைக்காவிட்டால் பேங்க் பரீட்சை. அவர் உடனே சம்மதித்து, காஜா எடுக்கும் சின்னக் கத்தரியைக் கூட எனக்குக் கொடுத்தார். நான் தோற்பதற்கு ஆகும் உதவியை எல்லாம் செய்ய அவர் தயாராக இருந்தார்.

தண்ணீர் இருந்தது மலையில். லட்சுமணன் என்பவர் வருஷத்துக்கு ஒருமுறை புளி மூட்டையோடு ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து அப்பாவிடம் சட்டை தைத்துக்கொண்டு போவார். ஜமுனாமரத்தூருக்கு நாலு மைல் தள்ளி அவருடைய ஊர். ஊருக்குக் கீழே கோடையிலும் வற்றாத குட்டி ஏரி. மே மாதம் மலை பஸ்ஸில் ஏறி அவர் வீட்டில் போய் இறங்கினேன்.

அவருடைய வீச்சு வலையைக் கடன் வாங்கி, நாலு நாளில் நூறு ஜிலேபி மீன் பிடித்தேன். அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் வைத்து, ஒவ்வொன்றின் வால்துடுப்பிலும் மேல்நுனியைக் காஜாக் கத்தரியால் துளி கத்தரித்து, ஏரியிலேயே விட்டேன். ஊரே கரையில் உட்கார்ந்து பார்த்தது. லட்சுமணனின் மனைவி அம்சவல்லி மட்டும் கேட்டாள்.

"புடிக்கிற, கத்திரிக்கிற, வுட்டுர்ற. உங்க வூட்ல துணியும் இப்டித்தான் தெப்பாங்களா?"

விளக்கினேன். திருவிழாக் கூட்டத்தில் நூறு பேர் கையில் சிவப்புக் கயிறு கட்டிவிடுவது. மறுநாள் கண்ணில் படுகிற ஐம்பது பேரைப் பார்ப்பது. அதில் பத்துப் பேர் கையில் கயிறு இருந்தால், அஞ்சில் ஒருவர் நம் ஆள். அப்படியென்றால் மொத்தக் கூட்டம் ஐந்நூறு. மீனுக்கும் அதே கணக்கு.

"அப்ப இது உன் மீனு," என்றாள்.

"ஆமா, அக்கா."

அந்த 'ஆமா'வைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

மீன்கள் நன்றாகக் கலந்து போகட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். அதாவது மீன்கள் காத்திருந்தன. நான் ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடிற்று. வசந்தி எண்ணி முடித்திருப்பாள் என்று தோன்றும். எழுந்து இன்னொரு சுற்றுப் போவேன்.

"இன்னிக்கு இது பதினோராவது சுத்து," என்றாள் சாமை வயலிலிருந்து அம்சவல்லி. "கோயிலாயிருந்தா இந்நேரம் வரம் குடுத்திருக்கும்."

ஜூன் நடுவில் ஊர்க்காரர்கள் ஏரியில் மீன் பிடிக்க ஆரம்பித்தார்கள். சிலர் தூண்டில் போட்டார்கள். பெண்கள் பழைய புடவையை விரித்து அரித்தார்கள். எனக்கு வேலை மிச்சம். நோட்டும் பென்சிலுமாகக் கரைமேல் நின்று, ஏறி வருகிற ஒவ்வொரு கூடையையும் பார்த்தேன். யாரும் மறுக்கவில்லை. கூடையை இறக்கி வைத்து, ஒவ்வொரு மீனாகத் தூக்கி வாலைக் காட்டிவிட்டே போனார்கள்.

எட்டு நாளில் இருநூற்றுப் பதினாலு மீன். வால் கத்தரித்தது ஒன்றுகூட இல்லை.

பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். என் கணக்குப்படி அந்த ஏரியில், ஒரு பையன் கல்லெறிந்தால் அக்கரையில் விழுகிற அந்த ஏரியில், எண்ணற்ற மீன்கள் இருந்தன. இல்லாவிட்டால் நான் தொட்ட நூறும் செத்திருக்க வேண்டும். கடல்வாழ் உயிரினங்களைக் காக்கப் புறப்பட்டவன் முதல் மாதத்தில் ஏரிவாழ் உயிரினம் நூறைத் தீர்த்துக்கட்டியிருக்கிறேன். கரையோரம் பிணம் தேடினேன். ஒரு செருப்புதான் கிடைத்தது.

கூடப் படித்த அருணகிரி அப்போது வேலூரில் ஒரு டுடோரியல் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எழுதினேன். அஞ்சாம் நாள் கார்டு வந்தது. "ஒரு நம்பரைப் போட்டு அனுப்புடா. ஏரி வந்து சாட்சி சொல்லப் போவுதா?"

ஜூன் இருபத்தேழு காலையில் போட்டேன். வால் கத்தரித்தவை இருபத்தொன்று. நூறு பெருக்கல் இருநூற்றுப் பதினாலு, வகுத்தல் இருபத்தொன்று, ஆயிரத்துப் பத்தொன்பது. பார்க்க நல்ல எண்ணாக இருந்தது. அரைமணி நேரத்தில் அறிக்கை முழுவதையும் எழுதி முடித்துவிட்டேன். நிஜமாகவே எண்ணியிருந்தால் இவ்வளவு தெளிவாக எழுத வராது. கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூருக்கு நடந்தேன். போஸ்ட் ஆபீசில் அன்றைய தபால் பையைக் கட்டி அனுப்பிவிட்டிருந்தார்கள். "நாளைக்கி வாங்க," என்றார் உள்ளேயிருந்தவர். கவரை அவரிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஏனோ கை நீளவில்லை. சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டேன். நாலு மைலும் அது நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது.

திரும்பும்போது ஏரியின் பின்பக்கக் கரை வழியாக வந்தேன். அம்சவல்லி முழங்கால் தண்ணீரில் நின்று புடவையில் அரித்த மீன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று மீன்கள் கூடைக்குள் போயின. நாலாவதைத் தூக்கி வாலைப் பார்த்தாள். மெதுவாகத் தண்ணீரில் விட்டாள்.

"அக்கா. அத ஏன் வுட்டீங்க?"

"உன்னுதுபா," என்றாள், நான் அதைக்கூடக் கவனிக்காதவன் என்பதுபோல. "வால் கத்திரிச்சிருந்தது."

ஓடிப்போய் லட்சுமணனைப் பிடித்தேன். அவர் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க முடித்ததும், பக்கத்திலிருந்த ஆட்டின் காதைப் பிடித்துக் காட்டினார். காதின் ஓரத்தில் இரண்டு வெட்டு.

"இது எங்க வூட்டு வெட்டு. சின்னதம்பி வூட்டுக்கு ஒத்த வெட்டு, அடியில. காட்டுல எங்க திரிஞ்சாலும் ஒருத்தரும் கை வெக்க மாட்டாங்க. நீ நூறு மீனுக்கு வெட்டு வெச்சத ஊரே பாத்துது. உன் மீனத் தின்னுட்டு உன் மூஞ்சில எப்டி முழிக்கிறது?"

"அப்ப எங்கிட்ட ஏன் அண்ணே வாலத் தூக்கித் தூக்கிக் காட்டுனாங்க?"

"உன்னுத எடுக்கலன்னு காட்ட வேணாமா? நீ நோட்டோட நிக்கிற."

எட்டு நாளும் நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். ஊர் என்னிடம் கூடைச் சோதனை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்று நாள் பாக்கி. அன்று மாலையே வீடு வீடாகப் போய், அந்த மீன்கள் எனக்கு வேண்டாம், யார் வேண்டுமானாலும் பிடித்துச் சாப்பிடலாம் என்று அறிவித்தேன். மறுநாள் ஏரியில் ஓர் ஈ காக்கை இல்லை.

"இன்னா பண்ணி வெச்ச?" என்றார் லட்சுமணன். "வெட்டு வெச்சவனே வேணாங்கிறான்னா ஆட்டுக்கு ஏதோ சீக்குன்னு அர்த்தம். இப்ப ஏரி மீனையே எவனும் தொட மாட்டேங்கிறான்."

மீன்வளத்தைக் காப்பாற்றுவதில் அன்று ஒருநாள் மட்டும் நான் உலக அளவில் முன்னணியில் இருந்திருப்பேன். கவர் இன்னும் சட்டைப்பையில் இருந்தது. நடந்துபோனால் இன்றைய பையில் சேர்த்துவிடலாம். வாசலில் உட்கார்ந்து செருப்பை மாட்டினேன். கழற்றினேன். மறுபடி மாட்டினேன்.

"எங்க கெளம்பிட்ட? உன் மீனுக்கு ஒண்ணும் சீக்கில்ல," என்றாள் அம்சவல்லி, என்னைத் தேற்றுகிறாளாம். "நான் வுட்ட ஒம்போதும் கொழுத்துப்போய் இருந்துது. ஒண்ணுக்குத்தான் இடது கண்ணு பூத்துருந்தது."

செருப்பு ஒரு காலில் நின்றுவிட்டது.

"ஒம்போதா? எண்ணுனீங்களா?"

"எண்ணாம? நாளைக்கி நீ வந்து என் மீன் எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது? எல்லாருந்தான் எண்ணி வெச்சிருப்பாங்க. ஆடு வழிதப்பி வந்தா எங்க பாத்தோம், எப்ப பாத்தோம்னு சொல்றதில்லயா?"

நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவளும் கூட வந்தாள். மீனுக்குச் சீக்கில்லை, சீக்கு இந்தத் தம்பிக்குத்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அதை எல்லோரும் உடனே நம்பினார்கள்.

பக்கத்து வீட்டு மங்கம்மாள் விட்டது ஆறு. எந்தக் கரையில், எந்த நேரத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். பிறகு, "அதுல ஒண்ணு ரெண்டு தபா வந்துது. வாய் கிழிஞ்சது, அதான் தெரியும். அத ஒண்ணுன்னு எழுதுவியா, ரெண்டுன்னு எழுதுவியா? நான் ரெண்டாத்தான் சேத்துருக்கேன்," என்றாள். திருப்பி விட்டுப் பிடிக்கிற கணக்கில் இரண்டு என்பதுதான் சரி. இந்தக் கேள்வி எங்கள் எம்.எஸ்ஸி. பரீட்சையில் வந்திருந்தால் வகுப்பில் பாதிப் பேர் தேறியிருக்க மாட்டார்கள்.

சின்னதம்பி என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "மூணு வுட்டுட்டேன். ஒண்ணு..." என்று நிறுத்தினார். மனைவி அவரையே பார்த்தாள். "இருட்டிப்போச்சு தம்பி, வால் தெரியல. வூட்ல கழுவுறப்பதான் பாத்தோம். அதுக்குள்ள செதில் சீவியாச்சு. வேணும்னா வேற ஒண்ணு புடிச்சுக் குடுத்துர்றேன்."

"நல்லாயிருந்ததாங்க?"

"இருந்துதுங்க," என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில். அவர் கணக்கில் நாலு என்று எழுதிக்கொண்டேன்.

மற்ற வீடுகளில் பதினெட்டு. ஆக முப்பத்தேழு. தின்ற இருநூற்றுப் பதினாலோடு சேர்த்தால், பிடிபட்டது இருநூற்று ஐம்பத்தொன்று. நூறு பெருக்கல் இருநூற்று ஐம்பத்தொன்று, வகுத்தல் முப்பத்தேழு. அறுநூற்று எழுபத்தெட்டு. பழைய கவரை அம்சவல்லியின் அடுப்பில் போட்டேன். புதிய அறிக்கையில் காது வெட்டிலிருந்து சின்னதம்பி வீட்டுக் குழம்புவரை நடந்ததை நடந்தபடி எழுதினேன். பதினோரு பக்கம். கணக்கு கடைசிப் பக்கத்தில் மூன்று வரி. இருபத்தொன்பதாம் தேதி பை கட்டுவதற்கு முன்னால் போஸ்ட் ஆபீசில் கொடுத்துவிட்டேன்.

பதிலுக்கு மலை விலாசத்தையே போட்டிருந்தேன். ஜூலை ஒன்பதாம் தேதி சந்தை நாள். லட்சுமணன் இரண்டு கவர்களோடு திரும்பினார். ஒன்று அப்பாவிடமிருந்து. பேங்க் பரீட்சை விண்ணப்பம், கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் அவரே நிரப்பியது. இன்னொன்று கோபால்சாமியிடமிருந்து. அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"செல்வி வசந்தியின் கணக்கு பிசிறில்லாமல் இருக்கிறது. இடம் அவருக்கு. நீங்கள் அனுப்பியது கணக்கு அல்ல. வகுத்தல் குறி போட்ட ஊர்வம்பு. நிற்க. மூன்று வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு ஆமைகளின் துடுப்பில் உலோக வில்லை கட்டி விட்டிருக்கிறேன். கண்டெடுத்தால் அனுப்பும்படி விலாசமும் பொறித்திருக்கிறேன். இதுவரை ஒரு வில்லை திரும்பவில்லை. ஆமைகள் வெகுதூரம் போய்விடுவதே காரணம் என்று இரண்டு பக்கம் எழுதிப் பிரசுரித்தும் ஆயிற்று. உங்கள் அறிக்கையைப் படித்த பிறகு அந்த இரண்டு பக்கங்களைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. கரையோரக் குப்பங்கள் நாற்பதுக்குப் போய், வீட்டுக்கு வீடு உட்கார்ந்து, விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். ஆறு மாதம். பதவிக்குப் பெயர் இல்லை. பட்டத்துக்குப் பதிவது பற்றி இப்போது பேச்சில்லை. பதினைந்தாம் தேதிக்குள் வரவும்."

இரண்டு தடவை படித்தேன். இடம் கிடைக்கவில்லை, ஒப்பந்தப்படி பேங்க். ஆனால் ஒப்பந்தம் போட்டபோது பெயரில்லாத பதவியைப் பற்றி அப்பாவும் நானும் எதுவும் பேசவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, ஆறு மாதம் கழித்து அனுப்பச் சொல்லி அவருக்கே திருப்பி எழுதினேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு லட்சுமணனும் அம்சவல்லியும் வந்தார்கள். பஸ்ஸின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நீ பாட்டுக்குக் கடலுக்குப் போற. இங்க உன் மீனு தொண்ணூத்தொம்போது கீதே, அத யாரு பாத்துக்கிறது?" என்றாள் அம்சவல்லி.

"நீங்கதான் பாத்துக்கணும், அக்கா."

"பொங்கல் வரிக்கும் பாக்குறேன். அதுக்குள்ள வந்தீன்னா எண்ணி வாங்கிக்கோ."

"வரலன்னா?"

"வரலன்னா உன் வெட்டு மேல நான் ஒரு வெட்டு வெச்சுக்குறேன்," என்றாள். "கத்திரியக் குடுத்துட்டுப் போ."