ஒரு வாய் தயிர்சோறு

"கொட்டாத அன்னம்மா. கீழ வை."

பக்கத்து அறை அன்னம்மா தயிர்ச்சட்டியோடு பின்வாசலில் நின்றாள். சாவு விழுந்த வீட்டில் ஆக்கியது எதுவும் இருக்கக் கூடாதென்று சோற்றுப் பானையை முதலிலேயே கவிழ்த்தாயிற்று. இதுதான் பாக்கி.

"தீட்டுப்பட்டத வச்சு என்னக்கா பண்ணப் போறீங்க?"

பூவம்மா சட்டியை வாங்கி அடுப்படியில் வைத்தாள். முன்னறையில் அவள் புருஷன் தங்கராஜு வேட்டி போர்த்திக் கிடந்தார்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர். எத்தனை வகை கறி ஆக்கிப் போட்டாலும் கடைசியில் தயிர் விழாவிட்டால் சாப்பிட்டதாகவே ஒத்துக்கொள்ள மாட்டார். மீசையில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். துடைங்க என்றால், "இருக்கட்டும்டி, வயிறு ரொம்புன அடையாளம்" என்பார்.

அந்த மனிதருக்கு மூன்று வாரமாக ஒரு சொட்டு மோர்கூடக் கொடுக்கவில்லை இவள். நெஞ்சில் கட்டி என்று பெரியாஸ்பத்திரியில் கிடந்தவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று, டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை அங்கே கட்டுப் போடும் டிரெஸர் நூர்தீன் தமிழில் சொன்னார்: "இனிமே என்ன கேட்டாலும் குடுங்கக்கா." பூவம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்தியமே வேண்டாம் என்கிற அளவுக்குத் தேறிவிட்டாரே! நேரே வீரமாகாளி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். பிழைத்து வந்தவருக்குத் தயிரைக் கொடுத்து நெஞ்சில் சளி கட்ட விடுவாளா? கஞ்சியும் மிளகு ரசமும்தான். "ஒரு வாய் தயிர்சோறு குடுடி" என்று அவர் கெஞ்சக் கெஞ்ச, "நாக்க அடக்குங்க" என்று சீறினாள்.

நேற்றுச் சாயங்காலம் அவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். மனசு கேட்காமல் அன்னம்மாவிடம் உறைமோர் வாங்கிப் பாலில் விட்டாள். "நாளைக்கு மத்தியானம், ஒரே ஒரு வாய்" என்றாள். காலை எட்டு மணிக்குப் போய்விட்டார். தயிர் அப்போதே உறைந்திருக்கும்.

நூர்தீன் படியேறி வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"மனச தேத்திக்குங்கக்கா. ஒரு மாசம் தாங்கறதே கஷ்டம்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. ஆசைப்பட்டதெல்லாம் சாப்பிட்டாருலா?"

பூவம்மா அவரையே பார்த்தாள்.

"அதுக்குத்தான் அப்படிச் சொன்னீங்களா?"

நூர்தீன் தலை குனிந்தார்.

பாவி, பாவி என்று பூவம்மாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அழுகை வந்தால் தேவலை, அதுவும் வரவில்லை.

"வாய்க்கரிசி போடறவங்க வாங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பெண்கள் எழுந்தார்கள். பூவம்மா மட்டும் அடுப்படிக்குப் போனாள். சட்டியைச் சாய்த்தாள், அசையவில்லை. அப்படியொரு கெட்டி. வலது கையை உள்ளே விட்டாள்.

திரும்பி வந்து அதே கையால் அரிசியை அள்ளினாள். அரிசி விரல்களில் அப்பிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். அவர் உதட்டில் வைத்து மெல்ல அழுத்தினாள்.

மீசையில் கொஞ்சம் ஒட்டியது. முந்தானையை எடுத்துத் துடைக்கக் குனிந்த அன்னம்மாவின் கையைப் பூவம்மா பிடித்துக்கொண்டாள்.