மூன்று காற்றாடிகளுக்குக் கீழே

கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஆகவே கலியாணத்துக்கு முன் கிண்ணியாவிலிருந்து பெண்ணின் வீடு பார்க்க வந்த பஹ்மி தன் கொம்பியூட்டரையும் கொண்டு வந்ததில் யாரும் குறை காணவில்லை. ஓட்டோவில் அவனுடைய உம்மா ஸுல்பிகா அதை மடியில் வைத்து, வெயில் படாமல் முந்தானையால் மூடியிருந்தார்.

முன்னறையில் ஒரே ஒரு மேசை. கலியாணப் பெண் நப்லா நான்கு வருடமாக அதில்தான் ஊராரின் கொம்பியூட்டர்களைத் திருத்துகிறாள்.

“இந்தச் சாமானையெல்லாம் எடுத்தா மகன்ட பெட்டிக்கு இடம் சரி,” என்றார் ஸுல்பிகா, வட்டிலப்பத்தைக் கரண்டியால் வெட்டியபடி.

நப்லா தலை குனிந்திருந்தாள். ஒரு கிழமையாகக் கண்ணாடி முன்னால் பழகிய குனிவு. மேசை போனால் தன்னில் யார் மிஞ்சுவார் என்று அந்தக் குனிவுக்குள் தேடிப் பார்த்தாள். தேத்தண்ணி ஊற்றுகிற ஒருத்தி மட்டும் கிடைத்தாள்.

“உங்கட என்ன கிராஃபிக்ஸ் கார்ட்?” என்று பஹ்மி கேட்டான், திரைக்குப் படம் அனுப்புகிற பாகத்தைப் பற்றி.

“சிப் செஞ்ச கம்பனியே வரைஞ்ச சர்க்கிட் போர்ட்.”

“அதுவா! என்டதும் அதே சிப்தான். ஆனா வேற கம்பனி திருத்தி வரைஞ்ச கஸ்டம் போர்ட். மூணு ஃபேன்.”

“திருத்தினா நல்லா வரும் எண்டு ஆரு சொன்ன?”

குனிவு எப்போது நிமிர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளுடைய வாப்பா அப்துல் மஜீத், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குள் முப்பது வருடம் அளவுகோல் இறக்கியவர். அளக்காத எதையும் நம்பமாட்டார். “ரெண்டையும் ஓட விடுங்க. வெல்ற பெட்டிக்கு மேசை,” என்றார்.

பெட்டிகளைத் திறந்து வைத்து ஒரே விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டினார்கள். வேகம் ஒன்றுதான். சூட்டில் அவளுடையது எழுபத்தெட்டு, அவனுடையது எழுபது என்றது திரை. ஸுல்பிகா திரையை நம்பவில்லை. புறங்கையை இரண்டு கார்டுகளிலும் வைத்துப் பார்த்தார்.

“உங்கடதுக்குக் காய்ச்சல். மகன்டதுக்கு இல்ல.”

அப்துல் மஜீத்தும் தொட்டுப் பார்த்தார். “ஓம்,” என்றார் கவலையோடு. “நல்ல காய்ச்சல்.”

மேசை போய்விட்டது. அப்போதுதான் நப்லா கண்டாள்: பஹ்மியின் கார்டில் மூன்றாவது ஃபேனுக்கூடாக ஜன்னல் வெளிச்சம் வந்தது. அதன் கீழே போர்டே இல்லை. உறைதான் நீளம், போர்ட் அவளுடையதன் அளவே.

பஹ்மி சிரித்துக்கொண்டிருந்தான். வென்ற சிரிப்பல்ல, அவளோடு கதைக்கக் கிடைத்த சிரிப்பு. அவளுக்கு அது பிடித்திருந்ததுதான் கஷ்டம். இதைச் சொன்னால் கலியாணம் குழம்பலாம். சொல்லாவிட்டால் ஆயுளுக்கும் அந்த வெளிச்சத்தைக் காணாதவளாக இருக்க வேண்டும்.

“கழட்டிப் பார்க்கட்டா?” என்றாள்.

உறைகள் கழன்ற இரண்டு போர்டுகளும் துடைத்தெடுத்த வட்டிலப்பத் தட்டத்தில் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஸுல்பிகா கண்ணாடி போட்டுக் குனிந்தார். “இதென்ன புள்ள, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி?”

“அதே அசல் போர்ட்தான், மாமி. மெய்யான கஸ்டம் போர்டும் இருக்கு. செம்பு தடிப்பாப் போட்டு, கூடக் கரண்ட் தாங்குற மாதிரி வரைவாங்க. மட்டுமீறி ஓட்டுறவங்களுக்கு அது உதவும். இது அது இல்ல.”

“அப்ப நான் மடியில வச்சு என்னத்தக் கொண்டு வந்த?”

“ஃபேன்,” என்றாள் நப்லா.

பஹ்மி இரண்டு போர்டுகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் மூன்று ஃபேனையும் உறையோடு எடுத்து அவளுடைய போர்டின் மேல் வைத்தான். துளைகள் அச்சொட்டாகப் பொருந்தின.

“பிடிங்க,” என்றான். “நான் முறுக்குறன்.”

மறுபடி ஓட்டினார்கள். ஸுல்பிகா புறங்கையை வைத்தார். “காய்ச்சல் விட்டுட்டு.”

“இப்ப எந்தப் பெட்டி வென்ற?” என்று கேட்டார் அப்துல் மஜீத். பிறகு தானே அளவு நாடாவை எடுத்து வந்து, இரண்டு பெட்டிக்குமாக மேசையை நீட்டினால் சுவர் எவ்வளவு விடும் என்று அளக்கத் தொடங்கினார்.

“எனக்கு எவ்வளவு இடம் தருவீங்க?” என்றான் பஹ்மி.

“உங்கட போர்டின்ட அளவுக்கு,” என்றாள் நப்லா. “உறையின்ட அளவுக்கு ஏலாது.”