துரியன் பழம் யாருக்கு

ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் பார்க்கப் போகும்போது என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதில் தென்காசி வட்டாரத்திலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று உமா மகேஸ்வரிக்கு ஓர் எண்ணம். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் தூக்கிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். கால் முறிந்தவருக்குப் பிரண்டைத் துவையல், காமாலைக்காரருக்குக் கீழாநெல்லி என்று நோவைப் பார்த்துத்தான் கொண்டு போவாள். நல்ல பழக்கம்தான். படுத்திருப்பவரிடம் உனக்கு என்ன வேணும் என்று ஒரு வார்த்தை கேட்கும் பழக்கம் மட்டும் கிடையாது. கேட்டுவிட்டால் அப்புறம் இவளுடைய சாமர்த்தியம் எங்கே தெரியும்?

நாத்தனார் அனுசியா ஆஸ்பத்திரியில் சேர்ந்த செய்தியை வீட்டுக்காரர் விஸ்வநாதன்தான் சொன்னார். "தங்கச்சிக்கு ஒரு சின்ன ஆபரேஷன். பொம்பளை டாக்டர்தான் பாக்காங்க" என்றவர், டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். அனுசியாவுக்குக் கல்யாணமாகி வருஷக்கணக்காகிறது, குழந்தை இல்லை. அப்படியென்றால் இது அதற்கான வைத்தியம்தான். உமா தீர்மானித்துவிட்டாள்.

அவள் மனசுக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. மகள் அபர்ணாவுக்கு ஆவணியில் வளைகாப்பு. பிள்ளை பெறாத அத்தை முன்னால் வந்து நின்றால் சம்பந்தி வீட்டார் முகம் எப்படிப் போகும்? "உடம்பைப் பாத்துக்கோ, நீ வேற அலைய வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். ஆனால் வெறுங்கையோடு போய் அதைச் சொல்ல அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் துரியன் பழம் வரும். பிள்ளைவரம் வேண்டுகிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து வாங்கிப் போவார்கள். கேட்ட உடனே கிடைத்துவிடாது. பழக்கடை இசக்கி அண்ணாச்சியிடம் சொல்லிவைத்து, விடாமல் நச்சரித்து, உமா ஒன்றை வாங்கிவிட்டாள். முள்ளும் வாடையுமாக அதை ஒயர்கூடையில் வைத்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

வாடை பஸ் முழுக்கப் பரவியது. "துரியனா? யாருக்கு?" என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்டதுதான் தாமதம், உமா ஆரம்பித்துவிட்டாள். நாத்தனாரின் பெயர், கல்யாணமான வருஷம், பார்த்த டாக்டர்கள், சுற்றிய கோயில்கள் என்று ஒன்று பாக்கியில்லை. இலஞ்சி தாண்டும்போது முன்சீட்டுக்காரர்களும் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு மதினி யாருக்குக் கிடைக்கும் என்று ஒருத்தி சொன்னதில் உமாவுக்கு மனசு குளிர்ந்துபோனது.

அனுசியா அறையில் தனியாகப் படுத்திருந்தாள். கையில் டிரிப்ஸ். முகம் வெளிறிக் கிடந்தது.

"வாங்க மதினி. அவுஹ மருந்து வாங்கப் போயிருக்காஹ."

"ஏட்டி, என்ன கொண்டு வந்திருக்கேன் பாரு!" உமா கூடையைக் கட்டில்மேலேயே வைத்தாள். "துரியன்! வீட்டுக்குப் போனதும் ரெண்டு பேரும் சாப்பிடுங்க. அடுத்த சாரலுக்குள்ள ஒங்க வீட்டுல தொட்டில் ஆடுதா இல்லையான்னு பாரு."

அனுசியா பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க."

உமாவுக்குக் காது அடைத்தது.

"கட்டி. ரத்தப்போக்கு நிக்கவே இல்ல. வேற வழியில்லன்னுட்டாங்க."

"ஒங்கண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே..."

"நான்தான் சொல்லாதீங்கன்னேன்." குரலில் கோபம் இல்லை. "நீங்க நல்லதுக்குத்தான் எதையாவது சொல்லுவீங்க. அதைக் கேட்டுக்கிட்டு இருக்க எனக்குத் தெம்பு இல்ல மதினி."

பஸ்ஸில் உச்சுக்கொட்டிய முகங்களெல்லாம் உமாவுக்கு முன்னால் வந்து நின்றன. கூனிக் குறுகிப்போனாள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரும்மா இதைக் கொண்டு வந்தது? முதல்ல வெளிய கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உமா கூடையை எடுத்தாள். அனுசியா தலையணைக்குப் பக்கத்தில் இருந்த பையைக் காட்டி, "அதுல ஒரு டப்பா இருக்கு, எடுங்க" என்றாள். உள்ளே பச்சைக் கண்ணாடி வளையல்கள், இரண்டு கைக்கும் நிறைய.

"அபர்ணாவுக்கு. அட்மிட் ஆகுததுக்கு முன்னாலயே வாங்கினேன். அவ கை சின்னது, பாத்துத்தான் எடுத்தேன். நீங்களே போட்டு விட்டுருங்க. நான் வரலை. உடம்பு சரியில்லன்னு நானே சொல்லிக்கிடுதேன், ஒங்களுக்குச் சங்கடம் வேண்டாம்."

சொல்ல நினைத்து வந்ததை அவளே சொல்லிவிட்டாள். அபர்ணாவுக்கு முதன்முதலாகத் தலை பின்னி விட்டவள், பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப் போனவள். 'என்னட்டி பேசுதே, நீ வராமயா?' என்று உமா சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரத்திலும் சம்பந்தியம்மாளின் முகம் குறுக்கே வந்தது. ஒரு நொடிதான் தயங்கினாள். அந்த நொடியை அனுசியா பார்த்துவிட்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, போங்க மதினி" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரு கையில் கூடையும் ஒரு கையில் டப்பாவுமாக உமா மாடிப்படி இறங்கினாள். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் வாடை பிடித்துத் திரும்பினாள்.

"துரியன்தானேக்கா? யாருக்கு?"

உமா நின்றாள்.

"எனக்குத்தான்" என்றாள்.

அந்தப் பெண் உமாவின் நரைத்த தலையையும் தளர்ந்த உடம்பையும் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உமாவுக்கு முகம் தீயாகக் காந்தியது. தானே தேடிக்கொண்டதுதான் என்று அந்தச் சிரிப்பை நின்று வாங்கிக்கொண்டாள்.

கூடையை வாசலில் வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு, வளையல் டப்பாவோடு மறுபடியும் படியேறினாள். அறை முழுக்க இன்னும் வாடை அடித்துக்கொண்டிருந்தது. டப்பாவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை நீதான் வந்து போடணும், அனுசியா. யாரு என்ன சொன்னாலும் நீதான்."

அனுசியா கண்களை மூடியே இருந்தாள். தூங்கவில்லை என்பது துடித்த இமையிலேயே தெரிந்தது. உமா நெடுநேரம் நின்றாள். அனுசியா கண்ணைத் திறக்கவில்லை.