முதலில் சாகிறவள்

மேசையின் தலைப்பக்கத்தில் தயாரிப்பாளர் அழகப்பன், அவருக்கு வலப்பக்கம் இயக்குநர் ரித்திக், கதவோரம் கதை எழுதிய நான். லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தின் மாடி. இது என் முதல் திகில் படம்.

"பீர் குடிச்ச பொண்ணு முதல்ல சாகணும், கோயிலுக்குப் போற பொண்ணு தப்பிக்கணும். மெசேஜ் வேணும் லா," என்றான் ரித்திக்.

"பீர் குடிச்சவளே கொலைகாரனைப் பிடிக்கிற மாதிரில்ல எழுதியிருக்கேன்? சரி, கூடக் குடிச்ச பையன்?"

"ஆம்பளப் பசங்க அப்படித்தான், அமுதாக்கா."

அழகப்பன் சிரித்தபடி இன்னொரு பீரைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அழகப்பனுக்குக் கடிதம் எழுதினேன்: 'ஐயா, பீர் குடித்ததற்குத் தண்டனை கழுத்தறுப்பு என்றால், அந்த மேசையில் முதல் ஆள் நீங்கள்தான். நான் இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. என் கதையைத் தர மாட்டேன்.'

உறையை அழுத்தி ஒட்டி, செம்பவாங் தபால் பெட்டியில் போட்டேன்.