முக்கில் நின்ற நீலக் கார்

அமெரிக்காவின் மிச்சிகனில் கார் தொழிற்சாலையை நம்பிப் பிழைத்த ஊர் ஹார்லன். அங்கே தொழிலாளர் யூனியன் ஹாலின் வாசலில் ஒரு பலகை உண்டு: 'வெளிநாட்டு வண்டிகள் ரோட்டுக்கு அந்தப் பக்கம்.' எழுதியவர் டெல்மர் ஹோவட். எழுத்து கோணல், ஆள் அதைவிடக் கோணல். தொழிற்சாலையில் காருக்குக் கதவு மாட்டியே தலை நரைத்தவர். சட்டை வாங்கினாலும் சரி, சுத்தியல் வாங்கினாலும் சரி, எங்கே செய்தது என்று திருப்பிப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டார்.

இத்தனைக்கும் அவர் ஓட்டிய பிக்கப் வண்டியை மெக்சிகோவில்தான் பாகம் சேர்த்துப் பூட்டினார்கள். அவர் மகள் ஜோலீன் வாங்கிய நீல நிற ஜப்பான் காரைப் பக்கத்து மாநிலமான ஒஹாயோவில் பூட்டினார்கள். இது டெல்மருக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். நன்றாகத் தெரியும். கேட்டால், "கம்பெனிப் பேரு நம்ம பேரு இல்ல?" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

ஜோலீன் நர்ஸ். அந்தக் காரை வாங்கிய கையோடு அப்பாவிடம் காட்ட ஓடி வந்தாள். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு ஹாரன்கூட அடித்தாள், பைத்தியக்காரப் பெண்.

"யாரு வண்டி இது?"

"என்னோடதுதாம்ப்பா. பழசு பனியில நடு ஹைவேல படுத்துக்கிச்சு. கை காலெல்லாம் வெறச்சுப் போச்சு. இது அப்படிப் படுக்காதாம்."

"வெளிய எடு."

"உள்ள வந்து ஒரு காபி குடிச்சிட்டு..."

"இந்த மாதிரி வண்டியாலதான் ஃபேக்டரில பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உன் சித்தப்பன் அரசாங்கக் கூப்பன்ல ரொட்டி வாங்குறான். அவன் வந்து போற வாசல்ல இதை நிறுத்துவியா நீ? உன்னைப் படிக்க வச்சது ஜப்பான்காரனா?"

அவர் மனைவி வெர்னா கையில் துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு வெளியே வந்தாள். "டெல், அது வெறும் தகரம். இவ நம்ம பொண்ணு."

"தகரம்தானே? வித்துட்டு வரட்டும்."

மகளுக்கும் அப்பனுடைய வீம்பில் பாதியாவது இருக்காதா? "என் வண்டி நிக்கக்கூடாத வாசல்ல எனக்கும் வேலை இல்ல" என்று கிளம்பினவள்தான். அதன்பின் கிறிஸ்துமஸ்கள் வந்தன, போயின. அவள் வரவில்லை. டெல்மர் ஜன்னல் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, யாரையும் எதிர்பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டார்.

மகள் கோபித்துப் போன அந்தக் குளிர்காலத்திலேயே வெர்னாவுக்கு நடைப் பழக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பாடும் முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொள்வாள். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. நெஞ்சுக்கு நல்லதாம்." டெல்மருக்கு ஒரே சந்தோஷம். வீட்டிலிருந்து தெரு முக்கு வரை நடைபாதைப் பனியை அவரே வழித்துத் தள்ளி, உப்புத் தூவி வைப்பார். அவள் வழுக்கி விழக்கூடாதே என்று பூட்ஸ் தேடி நாலு ஊர்க் கடை ஏறி இறங்கினார். எடுத்ததெல்லாம் வெளிநாடு. கடைசியில் ஒரு கடைக்காரன் தூசி தட்டி எடுத்துக் கொடுத்த ஜோடி மட்டும் உள்நாட்டுச் சரக்கு. பரிசு வென்றவர் மாதிரி வந்து மனைவியின் காலில் அவரே மாட்டிவிட்டார்.

"எங்கே செஞ்சது பாரு!"

"பாத்தேன், பாத்தேன்" என்று சிரித்தாள் வெர்னா.

சில வருஷம் கழித்து, ஒரு பிப்ரவரியில் அந்த நெஞ்சே அவளைக் கொண்டுபோனது.

அடக்கம் முடிந்து யூனியன் ஹாலில் சாப்பாடு. பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலட்டும் நீள மேஜையில் இருந்தன. ஜோலீன் சுவரோரமாக நின்று தண்ணீர் மட்டும் குடித்தாள். அப்பாவிடம் வந்து கை கொடுத்தாள், அசலாரிடம் கொடுப்பது போல. பிறகு வெளியே போய்விட்டாள்.

தெரு முக்கு வீட்டுக்காரி எட்னா டெல்மரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல மனசுக்காரி, ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"இனிமே ஞாயித்துக்கிழமை எங்க ஜன்னலே வெறிச்சுன்னு இருக்கும், டெல்மர். வெர்னாவும் ஜோலீனும் அந்த நீலக் கார்ல உக்காந்து என்ன சிரிப்பு சிரிப்பாங்க! கண்ணாடியெல்லாம் ஆவி புடிச்சுப்போயிரும். உள்ள வந்து உக்காருங்கடின்னு எத்தனை தடவை கூப்பிட்டேன். 'இல்ல எட்னா, டெல் காத்துக்கிட்டிருப்பாரு'ன்னு ஓடிருவா வெர்னா."

டெல்மர் கோட்டைக்கூட எடுக்கவில்லை. தன் கையால் எழுதிய பலகையைத் தாண்டி, ரோட்டைக் கடந்து ஓடினார். நீலக் கார் கிளம்ப இருந்தது. கதவைத் திறந்து உள்ளே ஏறினார்.

இருக்கை முன்னால் தள்ளியிருந்தது. நெட்டையான மனிதர், முழங்கால் இரண்டும் முன்பலகையில் முட்டின. கீழே கைவிட்டு, இருக்கையைப் பின்னால் தள்ளும் நெம்புகோலைத் தேடினார்.

"அதைத் தொடாதீங்கப்பா."

"கால்..."

"அது அம்மா வச்ச இடம்."

கையை எடுத்துக்கொண்டார். கண்ணீர் தாடையில் இறங்கியது. துடைக்கவில்லை.

"உங்கம்மா என்ன பேசுவா?"

"உங்களைப் பத்தித்தான். நீங்க பூட்ஸ் வாங்கின கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பா! 'நான் உன்கிட்ட வரதுக்கு உங்கப்பாவே வழி பெருக்கித் தராருடி'ம்பா."

"வீட்டுக்குப் போம்மா" என்றார் டெல்மர்.

கார் கிளம்பியது. தெரு முக்கு வந்ததும், எட்னா வீட்டு வேலியோரம் நின்றது. வேலிச் சந்து வழியே பார்த்தால் அவர் வீட்டு ஜன்னலும் அதன் பக்கத்து நாற்காலியும் தெரிந்தன.

"வாசல் வரைக்கும் வா, ஜோலீன். வாசல்லயே நிறுத்து. யாரு என்ன சொல்றான்னு பாக்குறேன்."

அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தாள். "அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாமேப்பா. என்னால முடியல. அவ இறங்குற இடம் இதுதான்" என்றாள்.

டெல்மர் இறங்கினார். ஆயுசெல்லாம் கதவு மாட்டிய கை, அந்தக் கதவைச் சத்தம் வராமல் சாத்தியது. வெர்னா போனதிலிருந்து அவர் பனி வழிக்கவில்லை. நடைபாதை கணுக்கால் வரை மூடிக் கிடந்தது. அதில் இறங்கி, வீட்டைப் பார்த்து நடந்தார்.