அஞ்சாம் நம்பர்

பதுளைக் கோர்ட்டில் எத்தனையோ வருஷம் வாதாடியும் கட்டாத தொண்டை, தேர்தலில் நின்ற சில வாரங்களிலேயே கட்டிக்கொண்டது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் வேன் ஏறாத தொழிலாளர் லயங்களுக்கு நடந்தே போனோம். கூட வந்த அஜந்தன் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டான். வாக்குச் சீட்டில் கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டபின், வேட்பாளரின் விருப்பு இலக்கத்துக்கும் போடவேண்டும். அதனால், "அஞ்சாம் நம்பர் வருது, அஞ்சாம் நம்பர் வருது" என்று ஏதோ பஸ் வருவதுபோலக் கத்திக்கொண்டிருந்தான்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"றிப்கான் மிஸ்னு எனக்கு ஒரு பேர் இருக்கு. அதையும் சொல்லித் தொலை."

"பேரு மறந்துரும் மிஸ். நம்பர்தான் நிக்கும்."

கடைசி லயத்து வாசலில் ஒரு அம்மா தண்ணீர்ச் செம்போடு காத்திருந்தார். தெரிந்த முகம். அவருடைய கணவர் லொறி மோதிச் செத்த நட்டஈட்டு வழக்கு இன்னும் என்னிடம்தான் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. தண்ணீரை வாங்கிக் குடித்தேன். பெயரைச் சொல்லி நன்றி சொல்லப் பார்த்தேன். எவ்வளவு யோசித்தும் பெயர் வரவில்லை.

"உங்க பேரு... சட்டுன்னு வரமாட்டேங்குதும்மா."

அவருக்குக் கோபமே இல்லை. எனக்கு உதவி செய்கிறவர்போலச் சிரித்தார்.

"நானூத்திப் பன்னெண்டாம் கேஸுங்க மிஸ். கோர்ட்டுல என்னைய அப்பிடித்தானே கூப்பிடுவீங்க?"